பூங்காவுக்கு வந்த வைக்கோல் மனிதர்கள்

உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டுகிறார்களா? கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கம்பிகளுக்கும் சாரத்துக்கும் நடுவே ஒரு ஆசாமி தொங்கிக்கொண்டிருப்பான். பழைய பேண்ட், கிழிந்த சட்டை, வயிறு நிறைய வைக்கோல், தொங்கவிட்ட நாக்கு. திருஷ்டி பொம்மை!

திருவொற்றியூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. இதுவரை எத்தனையோ திருஷ்டி பொம்மைகளைப் பார்த்துவிட்டேன். ஆனால் இவனுக்கு ஒரு அண்ணன்காரன் உண்டு. வயலில் நின்று காக்கை குருவி விரட்டுகிற சோளக்கொல்லை பொம்மை. அவனை மட்டும் எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது. வயல் இருந்தால்தானே அவன் இருப்பான்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ரயில் தண்டவாளம், நடுவே தொழிற்சாலை மதில்களும் கிடங்குகளும் கண்டெய்னர் லாரிகளும். இதுதானே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்கள் சீமை!

அந்த அண்ணன்காரனை எங்கள் பேட்டைப் பூங்காவுக்கு அழைத்து வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் கதை ஆரம்பிப்பது திருவொற்றியூரில் இல்லை. அமெரிக்காவில்!

அட்லாண்டாவில் கண்ட காட்சி

2023-ல் மகளின் பிரசவத்துக்காக அட்லாண்டா போயிருந்தேன். குழந்தை பிறந்து, பத்தியச் சமையலெல்லாம் முடிந்து, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். டிக்கெட் விலையை நான் மனசுக்குள் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது!

ஊருக்கு நடுவே, பீட்மாண்ட் பார்க் என்கிற பெரிய மைதானத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது அந்தப் பூங்கா. 1976-ல் ஏற்படுத்தினார்களாம். மரங்களின் உச்சிக்கிளைகளுக்கு நடுவே, நாற்பது அடி உயரத்தில், அறுநூறு அடி நீளத்துக்கு ஒரு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு அதில் நடக்க எனக்குக் கால் கூசிற்று. அதைத் தாண்டிக் கீழே இறங்கினால்... அடேயப்பா! பாதை ஓரமெல்லாம் வரிசையாகச் சோளக்கொல்லை பொம்மைகள்!

வருஷா வருஷம் அக்டோபரில் இப்படி வைக்கிறார்களாம். பூங்காக்காரர்களே செய்து வைப்பதில்லை. ஊர்க்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கடைக்காரர்கள், ஓவியர்கள் என்று ஆளுக்கு ஒன்று செய்து கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒரு பொம்மைக்குப் பூந்தொட்டிகளே கை கால். இன்னொன்றுக்கு ஓட்டை வாளி தலை. ஒரு பாட்டி பொம்மை நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அறுவடைக் காலம் வந்தால் வீட்டு வாசல்களில்கூட பரங்கிக்காயும் வைக்கோல் பொம்மையும் வைத்துவிடுகிறார்கள். 1939-ல் வந்த 'விஸர்ட் ஆஃப் ஆஸ்' என்கிற படத்தில், எனக்கு மூளை வேண்டும் என்று தேடிப் புறப்படுகிற வைக்கோல் மனிதன் அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்தவன் என்றாள் மகள்.

எல்லாரும் பொம்மைகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ என் நைனா ஞாபகம் வந்துவிட்டது. (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) மீஞ்சூருக்கு வடக்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. நெல் பால் பிடிக்கிற சமயம் நைனா தன்னுடைய சட்டையையே போட்டு ஒரு பொம்மை கட்டி நிறுத்துவார். பள்ளிக்கூடம் விட்டு வரப்பில் நடந்து வரும்போது, தூரத்தில் நிற்பது நைனாவா பொம்மையா என்று எனக்கும் தம்பிக்கும் பந்தயம் நடக்கும். அந்த ஒரு ஏக்கரில் பாதி என் கல்யாணத்துக்குப் போயிற்று. மீதி தம்பியின் படிப்புக்குப் போயிற்று. நைனா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2022-ல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்த அந்தப் பாட்டி பொம்மையின் பக்கத்தில் நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மகள் பார்த்துவிட்டாள். "குளிர் காத்தும்மா" என்று அவளே சமாதானமும் சொன்னாள். கெட்டிக்காரி!

போகிப் புகை

நவம்பர் கடைசியில் ஊர் திரும்பினேன். பெட்டியைப் பிரித்து வைப்பதற்குள் மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்துக்கு வெள்ளம் போதாதென்று இன்னொரு வினையும் வந்து சேர்ந்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவிவிட்டது. படகிலே எண்ணெய், வலையிலே எண்ணெய், வீட்டுச் சுவரிலே எண்ணெய். கண் எரிச்சல், தலைவலி என்று ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இறக்கையெல்லாம் கறுத்துப்போய் நின்ற கூழைக்கடாக்களின் படம் பேப்பரில் வந்ததே, பார்த்தீர்களோ? அந்த மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு வேறு கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இந்த நிலைமையில் பொங்கல் நெருங்கியது. காலையில் பூங்காவில் நடக்கிற பெண்கள் நாங்கள் பதினைந்து பேர். சர்க்கரைக்காரர்கள் பாதி, முட்டிவலிக்காரர்கள் பாதி! அன்றைக்குப் பேச்சு போகியைப் பற்றித் திரும்பியது.

"இருக்கிற நாத்தம் பத்தலைன்னு போகியன்னிக்கு டயர் வேற கொளுத்துவாங்க. எம் பேரனுக்கு இப்பவே வீசிங்" என்றார் ஒரு அக்கா.

நியாயமான பேச்சுதானே? 2018 போகியன்று புகை மண்டி மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திணறியது நினைவிருக்கலாம். விமானத்துக்கே அந்தக் கதி என்றால் குழந்தையின் நெஞ்சு என்ன ஆகும்? 'பழையன கழிதல்' என்றால் கொளுத்துவது என்று யார் சொன்னார்கள்?

அப்போதுதான் என் போனில் இருந்த அட்லாண்டா படங்களைக் காட்டினேன். "பழைய துணியைக் கொளுத்தாம நாமளும் இப்படிப் பொம்மை பண்ணா என்ன?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்!

பூங்காவின் மூலையில் தோட்டக்கார அண்ணன் கீரைப் பாத்தி போட்டிருக்கிறார். "அதைச் சுத்தி வெச்சிக்கோங்கம்மா. புறா தொல்லை தாங்கல" என்று அவர் இடம் கொடுத்தார். அனுமதி வாங்கும் வேலையை, ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் ஏற்றுக்கொண்டார். சட்டதிட்டங்கள் நாலே நாலுதான். காசு கொடுத்து எதுவும் வாங்கக்கூடாது, வீட்டில் கழிக்கிற பழையதுதான் போட வேண்டும். பொம்மை ஓர் ஆள் உயரம் இருக்க வேண்டும். காற்றில் விழக்கூடாது. போகியன்று, 2024 ஜனவரி 14 ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்குள் நிறுத்திவிட வேண்டும்.

உலகம் முழுக்க உண்டு

தமிழாசிரியை எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். "நாம் ஒன்றும் அமெரிக்காவைப் பார்த்துப் பழகவில்லை. சங்க காலத்திலேயே தினைப்புனத்தில் பரண் கட்டி, தட்டை, தழல், குளிர் என்று கருவிகள் வைத்துக் கிளி ஓட்டினார்கள். வள்ளியும் புனம் காத்தவள்தானே?" என்றார். இலங்கைத் தமிழர்கள் இந்தப் பொம்மையை 'வெருளி' என்று சொல்வார்களாம். வெருட்டுவது வெருளி. என்ன அழகான சொல் பாருங்கள்!

மகளிடம் போனில் கேட்டபோது அவளும் சில சமாச்சாரங்கள் சொன்னாள். இங்கிலாந்தில் கெட்டில்வெல் என்கிற கிராமத்தார், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க 1994-ல் பொம்மைத் திருவிழா ஆரம்பித்தார்களாம். ஜப்பானில் கமினோயாமா என்கிற வெந்நீர் ஊற்று ஊரில் பெரிய போட்டியாகவே நடத்தி வந்திருக்கிறார்கள்.

ஆனால் என் மனசில் தைத்தது ஜப்பானிலேயே இன்னொரு மலைக் கிராமத்துக் கதை. ஊர் பெயர் நகோரோ. ட்சுகிமி அயானோ என்கிற பெண்மணி வெளியூரில் வாழ்ந்துவிட்டு, வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தார். விதைத்த விதையைப் பறவைகள் தின்றுவிடுகின்றன என்று ஒரு பொம்மை செய்து, அப்பாவின் துணியை மாட்டி நிறுத்தினார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை அவர் அப்பா என்றே நினைத்து வணக்கம் சொன்னார்களாம்! அதற்கப்புறம் செத்துப்போனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை செய்தார். 2012-ல் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடியபோது, வகுப்பு நிறையப் பொம்மைப் பிள்ளைகளை உட்கார வைத்தார். அந்த ஊரில் மனிதர்களைவிடப் பொம்மைகள் ஜாஸ்தி.

இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் நைனாவின் சட்டை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும்.

வைக்கோலுக்கு ஒரு பயணம்

திருவொற்றியூரில் மெட்ரோ ரயில் கிடைக்கும், கப்பல் சாமான்கூடக் கிடைக்கும். வைக்கோல் கிடைக்குமா? கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினேன்.

இந்த ரயில் பாதையில் போனால் எங்கள் சீமையின் கதை முழுக்க ஜன்னலில் ஓடும். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரையே தாங்கி நிற்கும் விம்கோ நகர், பிறகு கத்திவாக்கம், எண்ணூர். 2017-ல் ஓட்டத்தை நிறுத்திவிட்ட பழைய அனல் மின் நிலையம் இந்தப் பக்கம்தான். எண்ணூரைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றின் மேல் போகும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாலம் வந்ததும் நைனா என் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, "கொக்கு எண்ணு பாக்கலாம்" என்பார். அன்றைக்கும் எண்ணினேன். தண்ணீர் ஓரத்துச் செடிகளில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது, எண்ணெய் ஏறி இறங்கிய மட்டம். நாலு கொக்கு கண்ணில் பட்டது. கூழைக்கடா ஒன்றும் இல்லை.

அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர். இறங்கி ஷேர் ஆட்டோவில் ஊருக்குப் போனேன். எங்கள் நிலம் இருந்த இடத்தில் கிடங்கு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில், கம்பிகளுக்கு நடுவே... ஆமாம், திருஷ்டி பொம்மை! நைனா பொம்மை நட்ட இடத்திலிருந்து பத்தடி தள்ளி இருக்கும். நான் கொஞ்ச நேரம் நின்று அதையே பார்த்தேன். அதே வைக்கோல், அதே பழைய சட்டை. அன்றைக்குக் கதிரைக் காத்தான், இன்றைக்குக் கட்டடத்தைக் காக்கிறான். யாரை நோக முடியும்? பாதி நிலத்தை விற்றுத்தானே எனக்குத் தாலி வந்தது!

அடுத்த தெருவில் தூரத்து உறவு அத்தை இருக்கிறார். இன்னும் கொஞ்சம் பயிர் வைக்கிறார். "இப்பல்லாம் மெஷின்தான் அறுக்குது. வைக்கோல் நொறுங்கிப் போயி சுருட்டா வருது. உனக்கு நீள வைக்கோல் வோணும்னா, மெஷின் போவாத மூலையில கையால அறுத்தது இருக்கு, எடுத்துகினு போ" என்று ஒரு கட்டு கொடுத்தார். அதைக் கோணிப்பையில் அடைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். எதிர் சீட்டுக் காலேஜ் பிள்ளைகள், "ஆன்ட்டி, வீட்ல மாடு கீதா?" என்று கேட்டார்கள். "இல்லப்பா, எங்க நைனாவுக்கு" என்றேன். பாவம், குழம்பிப் போனார்கள்.

அம்மாவின் கைகள்

நைனா போன பிறகு அம்மா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வயசு எழுபத்திரண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில். டாக்டரிடம் காட்டினோம். "உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏதாவது வேலை கொடுங்கள்" என்றார். என்ன வேலை கொடுப்பது? காய் நறுக்கக் கொடுத்தால் நறுக்குவாள், பிறகு பழையபடி ஜன்னல்.

போகிக்கு முதல் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி எடுக்கிற?"

"நைனா சட்டைம்மா. பூங்கா பொம்மைக்கு..."

"அவர் சட்டையத் திருஷ்டி பொம்மைக்கா போடப் போற?"

குரல் நடுங்கியது. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்! "திருஷ்டி பொம்மை இல்லம்மா, வயல்ல நைனா கட்டுவாரே, அது" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. நான் சட்டையை மடித்து அப்படியே வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரின் பழைய சட்டையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

இரண்டு மூங்கில் கழி எடுத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். வைக்கோலைத் திணித்தேன். பொம்மை அசையாமல் போலீஸ்காரன் மாதிரி விறைத்து நின்றது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"யார்றி உனக்கு இப்படிக் கட்டச் சொன்னது? குறுக்குக் கழியை இறுக்கக் கூடாது. தொளதொளன்னு விடணும். காத்து அடிச்சா கை ஆடணும். ஆடாத பொம்மை மேல காக்கா வந்து குந்திக்கும்."

கீழே உட்கார்ந்தாள். வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீர் தெளித்து உள்ளங்கையில் வைத்துப் பிரி திரிக்க ஆரம்பித்தாள். அந்தக் கைகள் எவ்வளவு வேகமாகப் போயின தெரியுமா? முழம் முழமாகப் பிரி வளர்ந்தது. கடைக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு வைக்கோல் பிரியாலேயே கட்டினாள். அடி கறுத்த பழைய மண்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பு குழைத்துக் கண் வைத்தாள். வலது கண் பெரிசு. இடது கண் கொஞ்சம் இடுக்கினாற்போல் சின்னது. வெயிலில் நின்று பேசும்போது நைனா இடது கண்ணை இப்படித்தான் இடுக்குவார்.

பிறகு எழுந்து உள்ளே போனாள். நைனாவின் சட்டையோடு திரும்பி வந்தாள். "மாப்பிள்ளை சட்டை இவருக்குத் தோள்ல பிடிக்கும்" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன்.

போட்டி நாள்

மறுநாள் காலையில் கீரைப் பாத்தியைச் சுற்றி ஒன்பது பேர் நின்றார்கள், எல்லாரும் வைக்கோலும் கந்தலும் ஆனவர்கள். ஆட்டோக்காரர் வீட்டுப் பிள்ளைகள் காக்கிச் சட்டை பொம்மை செய்து, கையில் 'மீட்டர் போடப்படும்' என்று அட்டை கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து அவர்கள் அப்பாவே சிரித்துவிட்டார்! தையல்கார அக்கா ஜாக்கெட் வெட்டிய துண்டுகளாலேயே ஒரு கொண்டைக்காரியைச் செய்திருந்தார். ஒரு பெண், மூடிப்போன ஆலையில் வேலை பார்த்த தன் கணவரின் நீலச் சீருடையை மாட்டி, தோளில் டிபன் கேரியரும் தொங்கவிட்டிருந்தாள். வயசுப் பையன்கள் பழைய சி.டி.க்களைக் கோத்துக் கண்ணாடிச் சட்டை போட்டிருந்தார்கள். வெயில் பட்டு நம் கண்ணே கூசிற்று. புறாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

கடைசியில் நின்றவர் மீன்காரத் தாத்தா. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து அத்தை வீட்டுக்கு வந்திருந்த இரண்டு சிறுவர்களும் அவர்கள் அப்பாவும் செய்தது. தலைக்கு மிதவைக் கட்டை, கையில் உடைந்த துடுப்பு, தோளில் ஒரு வலை. வலை கறுப்பாக, விறைப்பாகத் தொங்கியது.

"நல்ல வலையை இப்படிப் போடலாமா தம்பி?" என்று கேட்டார் நடுவராக வந்திருந்த தமிழாசிரியை.

"நல்ல வலை இல்ல டீச்சர். எண்ணெய் ஏறிப்போச்சி. கழுவினாலும் போவல. அப்பா எங்களைத் தொடக்கூடாதுன்னுட்டாரு, அவரேதான் கட்டினாரு" என்றான் பெரியவன். அவன் அப்பா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். ஒரு வலையின் விலை என்ன, அதற்கு வாங்கிய கடன் என்ன என்று எங்களுக்கெல்லாம் தெரியும். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. போகிக்குக் கழிக்கிற பழையதைத்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். இப்படி ஒரு சாமானும் கழிபட்டு வரும் என்று நினைக்கவே இல்லை.

முதல் பரிசு மீன்காரத் தாத்தாவுக்குத்தான். யாரும் மறு பேச்சுப் பேசவில்லை. பரிசு ஒரு எவர்சில்வர் குடம். இரண்டாம் பரிசு நீலச் சீருடைக்கு. எங்கள் நைனாவுக்கு ஆறுதல் பரிசு, ஒரு பொட்டலம் வெண்டை விதை! அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். போகும்போது சிறுவர்களைக் கூப்பிட்டு, "உங்க தாத்தா கையும் தொளதொளன்னு கட்டணும்டா" என்று சொல்லிக்கொடுத்தாள்.

அந்தப் போகிக்கு எங்கள் தெருவில் ஒரு டயர் எரியவில்லை. ஊர் முழுக்கப் புகை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தெரு தள்ளிக் கொளுத்தினார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் பூங்காவில் இருந்தார்கள். அந்த அக்காவின் பேரன் அன்றைக்கு இரும்பவில்லை.

நீங்களும் செய்யலாம்

மாடித் தோட்டம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு அம்மா சொன்ன குறிப்புகள் சில:

நேர்க் கழி பெரியதும் குறுக்குக் கழி சிறியதுமாக இரண்டு போதும். நடுவில் தளர்வாகக் கட்டுங்கள், கை ஆட வேண்டும்.

வைக்கோல் கிடைக்காவிட்டால் காய்ந்த தென்னை ஓலை, தேங்காய் நார், பழைய துணி எதுவும் ஆகும். பிளாஸ்டிக் பை அடைக்காதீர்கள். வெயிலில் நைந்து தொட்டி மண்ணில் உதிரும்.

வைக்கோல் தூசி சிலருக்கு ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வேலை செய்யுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் தள்ளியே இருப்பது நல்லது.

மூன்று நாளைக்கு ஒருமுறை பொம்மையை இடம் மாற்றுங்கள், சட்டையையும் மாற்றினால் இன்னும் நல்லது. பறவைகள் நம்மைவிடக் கெட்டி. அசையாத ஆளைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

மழைக்காலம் வந்தால் பிரித்து, உள்ளே இருக்கும் வைக்கோலை உரக்குழியில் போட்டுவிடுங்கள்.

காக்கையும் நைனாவும்

பொங்கல் முடிந்து மாட்டுப் பொங்கலன்று காலையில் அம்மாவையும் நடைக்குக் கூட்டிப்போனேன். நைனா பொம்மையின் தோளில் ஒரு காக்கை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது! எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காக்கையைப் பார்த்தால் நாம் யாரை நினைப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா நின்று பார்த்தாள். "உங்க நைனா கட்டினா ஒரு காக்கா வராது. நாம கட்டினது சரியில்ல" என்றாள். பிறகு அவளே, "அவரு மட்டும் இன்னா, முழுசா விரட்டுவாரா? ஓரத்து வரிசை அதுங்களுக்குன்னு விட்டுடுவாரு. அதுங்க எங்க போவும் பாவம்னுவாரு" என்றாள்.

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் அந்த வரப்பில் நடந்திருக்கிறேன், நைனா ஓரத்து வரிசையை விட்டுவைத்தது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அம்மா தினமும் நடைக்கு வருகிறாள். முந்தானையில் ஒரு பிடி சோறு முடிந்துகொண்டு வருவாள். கீரைப் பாத்தியின் ஓரத்தில் தூவிவிட்டு, தோட்டக்கார அண்ணனிடம் திட்டு வாங்குவாள். "பொம்மையையும் நட்டுட்டு, சோத்தையும் போட்டா எப்படிம்மா?" என்று அவர் கேட்பது நியாயம்தான். பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னலில் கொக்கு எண்ணும் பழக்கமும் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

வெயில் காலம் வருவதற்குள் பொம்மைகளைப் பிரித்தோம். வைக்கோல் பாத்திக்கே உரமாயிற்று. நைனாவின் சட்டையை அம்மாவே துவைத்து, மடித்து, டிரங்குப் பெட்டியில் வைத்தாள். பையில் ஒரு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் போடப் போனேன்.

"அது இருக்கட்டும்டி" என்றாள்.